பதினைந்து அங்குலக் கழுத்து

ஒரே மாதத்தில் ஓட்டுநர் மூன்று முறை மயங்கி விழுந்துவிட்டார். மூன்றும் பணிமனைக்குள், பேருந்தைப் பின்னால் எடுக்கத் தலையைத் திருப்பியபோது. நல்லவேளை, பயணிகள் இல்லை. மருத்துவர் இன்று கையெழுத்துப் போடாவிட்டால் இருபத்தெட்டு வருட ஸ்டீயரிங் பறிபோய்விடும். அப்புறம் பயணிகள் மறந்துவிட்டுப் போன குடைகளுக்குக் காவல் இருக்க வேண்டியதுதான்.

சோதனைக்கு மேல் சோதனை நடந்தது. ஒவ்வொன்றுக்கும் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். சட்டையில்லாத ஓட்டுநரின் இதயமோ பரம சாதுவாக நடந்துகொண்டது.

"காரணம் தெரியாம எப்படிங்க கையெழுத்துப் போடறது?" என்று மருத்துவர் பேனாவை மூடிவிட்டார்.

ஓட்டுநருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நெஞ்சில் ஒட்டிய ஒயர்களை நர்ஸ் எடுக்கும்வரைகூடப் பொறுக்கவில்லை. அவற்றின் மேலேயே சீருடையை மாட்டி, முக்கி முனகிக் கழுத்துப் பொத்தானைப் போட்டு, பக்கத்தில் நின்ற மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான், கட்டிலிலேயே சாய்ந்தார். இதயத்துடிப்பைக் காட்டும் இயந்திரம் ஐந்து விநாடி வெறும் கோடு போட்டது.

நர்ஸ் பாய்ந்து வந்து பொத்தானைப் பிய்த்தாள். ஒன்றுமே நடக்காதது போல இதயம் மறுபடி கிளம்பியது.

ஓட்டுநர் கண்ணைத் திறந்தபோது மருத்துவருக்கு வாயெல்லாம் பல்.

"கழுத்து ரத்தக்குழாயில அழுத்தம் பார்க்கிற காவக்காரன் ஒருத்தன் இருக்கான். உங்க காலர் அவனை நெரிக்குது. உடனே அவன் 'ரத்த அழுத்தம் ஏறிப்போச்சு'ன்னு மூளைகிட்ட அலறுறான். மூளை ஸீட்டை விட்டு எழுந்திருக்காத அதிகாரி. வந்து பார்க்குமா? 'இதயமே, வேகத்தைக் குறை! குழாய்களே, விரிஞ்சுக்கோங்க!'ன்னு உத்தரவு போட்டுடுது. ரத்தம் தலைக்கு ஏறல, நீங்க விழுந்துட்டீங்க."

இருபத்தெட்டு வருடமாக அதிகாரிகளைப் பார்த்தவருக்கு இது சட்டென்று விளங்கியது.

"கழுத்து என்ன அளவு?" என்றார் மருத்துவர்.

"பதினஞ்சு. வேலைக்குச் சேர்ந்தப்ப எழுதிக் கொடுத்த அளவு. கழுத்து, இடுப்பு எதுவுமே ஒரு நூல் ஏறல."

"ஏறிச்சுங்க," என்றாள் மனைவி. வீட்டில் தையல் மெஷின் அவளுடையது. "புது பேண்ட் வந்தா, நீங்க டூட்டிக்குப் போனதும் பின்பக்கம் ஒட்டுத்துணி வச்சுத் தச்சுடுவேன். உடம்பு வச்சிடுச்சேன்னு நீங்க மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிறது பார்க்கச் சகிக்கல. காலர்ல மட்டும் ஒட்டுப் போட்டா தெரிஞ்சிடுமேன்னு விட்டேன். நானே உங்களைக் கொல்லப் பார்த்திருக்கேன்." அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஓட்டுநருக்கு மானம் போய்விட்டது. அதைவிட அவள்மேல் பாசம் பொங்கியது. இரண்டையும் காட்டத் தெரியாமல் விட்டத்தைப் பார்த்தார்.

மருத்துவர் எழுதினார்: ஒரு மாதம் பேருந்தைத் தொடக்கூடாது. தளர்ந்த காலரோடு மறுசோதனை. தேறினால் ஸ்டீயரிங்.

கூடவே புதுச் சீருடைக்கான படிவம் ஒன்றையும் நீட்டினார். ஓட்டுநர் பல்லைக் கடித்துக்கொண்டு 'கழுத்து: பதினேழரை' என்று எழுதினார். பிறகு பேனாவை மனைவியிடம் தள்ளினார்.

"இடுப்பை நீ எழுது. உள்ளது உள்ளபடி எழுது. சத்தமா மட்டும் படிக்காதே."