மத்தியான மாத்திரை

எபி மத்தியானம் பால் குடித்ததும் தூங்கிவிடுவான். அம்மா ஸ்டெபியின் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அவளும் அவன் பக்கத்தில் சாய்வாள். அவள் விழிக்கும்போது வெயில் இறங்கியிருக்கும். கட்டிலில் பிள்ளை இருக்காது. முன்னறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வரும்.

அங்கே தையல் மெஷின் அருகில் சாலோமி உட்கார்ந்திருப்பாள், மடியில் எபியுடன். சாலோமி ஸ்டெபியின் கணவன் கிங்ஸ்டனின் அக்கா; ஸ்டெபிக்கு மைனி. தன் கணவர் துபாயில் இருப்பதால் இரண்டு பையன்களோடு தம்பி வீட்டிலேயே இருக்கிறாள். அவள் வாயைக் குவித்து எதையாவது சொன்னால் எபி உடம்பு முழுவதும் குலுங்கச் சிரிப்பான். அந்தச் சிரிப்பை ஸ்டெபி தன் மடியில் பார்த்ததே இல்லை.

அன்றைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டுக் கனி கேட்டாள்.

“ஏ சாலோமி, பெத்தவ ஒருத்தி, கொஞ்சுதவ ஒருத்தியா? இவனப் பள்ளிக்கூடத்துல சேக்கயில தாய் பேருக்கு என்னத்த எழுதுவிய?”

“ஒன் பேர எழுதுவோம். பீஸு நீதான கெட்டப் போற?”

மூவரும் சிரித்தார்கள். ஸ்டெபிக்கு உதடு மட்டும் சிரித்தது. அறைக்குத் தூக்கி வந்தபோது பிள்ளையின் நெற்றியில் மைனியின் பவுடர் வாசம் அடித்தது. துணியை நனைத்துத் துடைத்தாள். இன்னொரு முறையும் துடைத்தாள். எபி அழுதான்.

பேறு முடிந்து உடன்குடியில் அம்மா வீட்டிலிருந்து பாளையங்கோட்டைக்குத் திரும்பியதிலிருந்து அவளுக்குக் காணாக்கடி. கையிலும் வயிற்றிலும் சிவந்து சிவந்து தடிக்கும். அரிப்பில் உட்கார முடியாது. கல்லூரி விடுதியில் இருந்தபோதும் இப்படி வந்து, அப்போது ஒரு டாக்டர் மஞ்சள் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதன் பெயர் நினைவிருந்தது. தெருமுனை மருந்துக்கடையில் பெயரைச் சொல்லி வாங்கினாள். கடை முன்னால் ஆண்கள் நின்றார்கள். பால் கொடுக்கிறேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கடைக்காரரும் கேட்கவில்லை.

மாத்திரை போட்டதும் அரிப்பு நின்றது. காலையில் ஒன்று, மத்தியானம் சாப்பிட்டதும் ஒன்று. தூக்கம் வந்ததைப் பிள்ளை பெற்ற அசதி என்று நினைத்துக்கொண்டாள். விலங்கியல் படித்தவள். அரிப்பை உண்டாக்கும் ஹிஸ்டமின் பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள்.

சனிக்கிழமை கிங்ஸ்டன் கூடங்குளத்து வேலையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது சொன்னாள்.

“மைனி பிள்ளைய எங்கிட்ட விடவே மாட்டேங்காவ.”

“அக்கா பாத்துக்கிடுதாளேன்னு சந்தோசப்படு. நீ நல்லாத் தூங்குதல்லா?”

அவன் பையிலிருந்த அழுக்குத் துணிகளை எடுத்துக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை மத்தியானம் மாத்திரையைப் போட்டுக்கொண்டு எபியைக் கட்டிலில் கிடத்தினாள். பிறகு போய் அறைக்கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் பிடித்திருந்தது. இன்றைக்கு அவன் கண் விழித்துப் பார்க்கும் முகம் தன்னுடையதாக இருக்கும் என்று நினைத்தபடி படுத்தாள்.

முகத்தில் குளிர்ந்த தண்ணீர் விழுந்தது. மறுபடியும் விழுந்தது. யாரோ கத்துகிறார்கள் என்று தெரிந்தது. என்ன என்று தெரியவில்லை. நாக்கு காய்ந்து ஒட்டியிருந்தது. ஜன்னல் கம்பிக்கு வெளியே சாலோமியின் முகமும் ஒரு பிளாஸ்டிக் கப்பும்.

“கைய எடு! ஏட்டி ஸ்டெபி, கைய எடுட்டீ!”

ஸ்டெபி குனிந்து பார்த்தாள். அவளுடைய கை பிள்ளையின் மார்பின் மேல் கிடந்தது. தோளில் போட்டிருந்த துண்டு நழுவி அவன் முகத்தை மூடியிருந்தது. இழுத்தாள். எபியின் முகம் சிவந்து வேர்த்திருந்தது. வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. பிறகு வந்தது, கம்மிப் போன குரலில்.

கதவைத் திறந்ததும் சாலோமி பிள்ளையை வாங்கிக்கொண்டாள். கதவைத் தட்டித் தட்டி அவள் உள்ளங்கை சிவந்துபோயிருந்தது. எபியைத் தோளில் போட்டு அறைக்கும் நடைக்குமாக நடந்தாள். அவன் அடங்கிய பிறகுதான் பேசினாள்.

“நீ தூங்குதது தூக்கமே இல்லட்டீ. ஒலுக்கினாலும் முழிக்க மாட்டேங்க. முன்னால ஒருநா இப்படித்தான் அவன் மேல கையப் போட்டுக் கெடந்த. அன்னையிலேருந்துதான் பைய வந்து தூக்கிட்டுப் போவேன்.”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா மைனி?”

சாலோமி பிள்ளையின் முதுகைத் தடவினாள்.

“சொல்லியிருக்கணும். சொன்னா நீ முழிச்சிக் கெடப்ப, பிள்ளயத் தரமாட்ட. எனக்கும் இவன வச்சிருக்க ஆசையாத்தான் இருந்துது.”

ஸ்டெபி மாத்திரை அட்டையை எடுத்து அவளிடம் காட்டினாள். அன்று சாயங்காலமே இருவரும் பிள்ளை டாக்டரைப் பார்க்கப் போனார்கள். டாக்டரம்மா எபியின் மார்பில் குழல் வைத்து நெடுநேரம் கேட்டார். ஒன்றுமில்லை என்றார். பிறகு அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

“அரிப்புக்கு நல்ல மாத்திரைதான். ஆனா பழைய வகை. மூளைக்குள்ள போய்த் தூக்கத்தக் குடுக்கும். இதப் போட்டுட்டு வண்டியே ஓட்டக்கூடாது. நீ பிள்ளய அணைச்சிப் படுத்திருக்க.”

“சளிக்குக் குடுக்குத சிரப்பக் குடிச்சாலும் பிள்ளைங்க தூங்குதே டாக்டர், அதும் இதானா?” என்றாள் சாலோமி.

“சிலதுல இதே இனந்தான் இருக்கும். கைப்பிள்ளைக்குக் கேக்காமக் குடுத்துராதீங்க.” டாக்டர் ஸ்டெபியின் பக்கம் திரும்பினார். “பால் வழியாவும் கொஞ்சம் போகும். பால் கொறையலாம், பிள்ளையும் மந்தமா இருக்கலாம்.”

ஸ்டெபி கேட்டாள். “எங்கிட்ட வந்தாலே தூங்கிருவான் டாக்டர். அதனாலயா?”

“இருக்கலாம்.”

அவ்வளவாகத் தூக்கம் தராத வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார். தடிப்பு நிற்காவிட்டால் தோல் டாக்டரைப் பார்க்கச் சொன்னார். ஆட்டோவில் வரும்போது அந்த ‘இருக்கலாம்’ ஒன்றையே ஸ்டெபி பிடித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் எபி பால் குடித்துவிட்டுத் தூங்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான். மூக்கைப் பார்த்தான், கண்ணைப் பார்த்தான். பிறகு உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தான். தோளில் போட்டாள், நடந்தாள், மைனி செய்வதுபோல் வாயைக் குவித்தும் பார்த்தாள். அழுகை கூடியது. முன்னறையில் மெஷின் நின்றது. ஆனால் சாலோமி எழுந்து வரவில்லை. இனிமேல் கூப்பிடாமல் வரமாட்டாள் என்று ஸ்டெபிக்குப் புரிந்தது.

அவளே தூக்கிக்கொண்டு போனாள். மைனியின் குரல் கேட்டதும் எபி விசும்பலை நிறுத்தினான். ஸ்டெபிக்கு அப்படியே அறைக்குத் திரும்பிவிடலாம் போலிருந்தது. இருந்தாலும் பிள்ளையை நீட்டினாள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

“ஏட்டி, நீ பாக்குத பார்வையில புடுங்கிட்டுப் போயிருவ போலிருக்கே!” என்றாள் சாலோமி.

“ஆமா மைனி. சிரிக்க வச்சிட்டுத் தந்துருங்க.”