ஆறாவது பெட்டி

திரைச்சீலை தைக்கும் அந்தக் கூடத்தில் கணக்கு என்றால் கட்டிங் அக்காதான். ஜன்னலைக் கண்ணால் பார்த்தே எத்தனை மீட்டர் துணி என்று சொல்லிவிடுவாள். வெட்டி முடித்தால் கைக்குட்டைக்குக்கூடத் துணி மிஞ்சாது. அதனால், ஹோட்டல் ஆர்டர் முடிந்த சந்தோஷத்தில் முதலாளியம்மா "மத்தியானம் எல்லாருக்கும் பீட்சா வாங்கிடுங்க" என்றதும், போன் நேராக அக்கா கைக்கு வந்தது.

பன்னிரண்டு பேர். பெட்டிக்கு எட்டுத் துண்டு. வகுத்தால் ஆயிற்று என்பீர்கள். அக்கா அப்படிப்பட்டவள் இல்லை. வாய் சொல்லும் பசி வேறு, வயிற்றின் பசி வேறு என்று அவளுக்குத் தெரியும். "எனக்கு ஒண்ணு போதும்மா" என்ற இஸ்திரி அண்ணனுக்கு ஐந்து என்று எழுதினாள். "டயட்ல இருக்கேன்" என்ற வளையம் கோக்கிறவளுக்கு நாலு. துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மிஷினில் உட்காரும் பெண் மட்டும்தான் சொன்னபடி ஒன்று சாப்பிடுவாள், அதிலும் பாதியை வைத்துவிடுவாள். கூட்டினால் சரியாக நாற்பது, ஐந்து பெட்டி. அக்காவுக்குத் தன் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது.

அப்போது ஓவர்லாக் பெண் வந்து மேஜையோரம் நின்றாள்.

"அக்கா... எனக்கு நாலு கிடைக்குமா?"

அக்கா அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு முறை மூன்றாம் மாதத்திலேயே கரு கலைந்துபோனவள் இவள். இரண்டாவது முறை ஆஸ்பத்திரி பெஞ்சில் அக்காவின் மடியில்தான் சுருண்டு கிடந்தாள்.

"கிடைக்கும். போய் வேலையப் பாரு" என்றாள் அக்கா.

இப்போது நாற்பத்து மூன்று. யாருக்கு என்று தெரிந்தால் கூடம் முழுக்க அதே பேச்சாகிவிடும். அக்கா ஆறு பெட்டி சொன்னாள். அவளுக்கான கூடுதல் மூன்றையும் தனக்கு எழுதியிருந்த மூன்றோடு சேர்த்துக்கொண்டாள்.

பெட்டிகள் வந்ததும் இஸ்திரி அண்ணன் அக்கா கணக்கு எழுதிய சீட்டை எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, உனக்கு ஆறு துண்டா? வீட்ல அடுப்பே பத்த வைக்கலையா?"

கூடமே சிரித்தது.

"ஆமா, பசிதான். உங்களுக்கென்ன?" என்று ஆறாவது பெட்டியைத் தூக்கிக்கொண்டாள் அக்கா. "துணி மடிக்கணும், வாடி" என்று அந்தப் பெண்ணையும் கையோடு உள்ளறைக்கு அழைத்துப் போனாள்.

மூன்று துண்டை அவள் மூச்சு விடாமல் தின்றாள். நாலாவதைக் கையில் எடுத்தவள் அழ ஆரம்பித்தாள்.

"ரெண்டு மாசம் முடிஞ்சிருச்சுக்கா. அவர்கிட்டகூட சொல்லல. போன தடவ அவரு அழுதத என்னால பாக்க முடியல. இந்தத் தடவையும் நிக்கலன்னா, நான் மட்டும் அழுதுட்டுப் போறேன்."

எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று சொல்ல அக்காவுக்கு வாய்வரை வந்தது. பொய்யாகிவிடுமோ என்று பயந்து விழுங்கிக்கொண்டாள். புறங்கையால் அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"தனியா எல்லாம் அழக்கூடாது. இப்ப நாம ரெண்டு பேரு. சாயந்திரம் அவர்கிட்ட சொல்லு, மூணு பேரு ஆயிடுவோம்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினாள். நாலாவது துண்டும் முடிந்தது. வெட்கத்தோடு பெட்டிக்குள் பார்த்தாள்.

"அக்கா, இன்னொண்ணு எடுத்துக்கவா?"

அப்போதுதான் அக்காவுக்கு அழுகை வந்தது.