அண்ணன் பையில் ஒரே பேனா

1

இந்தக் கதை எனக்கு ஒரு சட்டைப்பையில் கிடைத்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். துணி ஊறவைக்கும் முன் பைகளைத் துழாவுவது வீட்டில் என் வேலை. லிஃப்ட் மெக்கானிக்கான என் அண்ணன் பையில் நீலம், கறுப்பு, பச்சை என்று எப்போதும் மூன்று பேனாக்கள் இருக்கும். அவன் ஞானஸ்நானம் எடுத்த வாரம் நீலம் மட்டும்தான் இருந்தது. நான் போகும் மாலைநேரக் கதை எழுதும் வகுப்பில் ஆசிரியை கொடுத்த தலைப்போ, 'மாறிய ஒருவர்'.

2

முதல் தொடக்கம்: 'அன்று ஜெபக்கூடத்தில் ஓர் ஒளி இறங்கி—'

(அடித்துவிட்டேன். டியூப்லைட்தான் எரிந்தது, அதுவும் விட்டுவிட்டு.)

இரண்டாவது: 'குடியில் மூழ்கிக் கிடந்த அவன்—'

(அண்ணன் குடித்ததே இல்லை. குடித்திருந்தால் எழுத எளிதாக இருந்திருக்கும்.)

3

நடந்தது இதுதான். ஒவ்வொரு லிஃப்டின் மெஷின் அறையிலும் ஓர் அட்டை தொங்கும். மாதாமாதம் பிரேக்கைச் சோதித்து அதில் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏறி, மூன்று மாதக் கையெழுத்தையும் ஒரே மூச்சில் போட்டுவிடுவான். சந்தேகம் வராதிருக்க மாதத்துக்கு ஒரு நிறம்.

ஞானஸ்நானத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாக மறுபடி ஏறிப் பார்க்கத் தொடங்கினான். நேற்று ஒரு கட்டடத்தில் பிரேக் கட்டை காகிதமாய்த் தேய்ந்திருந்தது. லிஃப்டை நிறுத்தி, புதுக் கட்டை மாற்றி முடிக்க மாலையாகிவிட்டது. அதுவரை எட்டாம் மாடி அம்மாள் ஒவ்வொரு படிக்கும் ஒரு திட்டாக அவனைத் திட்டிக்கொண்டே ஏறினாராம்.

4

நாளைக் காலை மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொல்லப்போவதாக அண்ணன் இன்று மதியம் சாப்பிடும்போது சொன்னான். அண்ணி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அதான் மாத்தியாச்சே. ஆண்டவர் மன்னிச்சிட்டார்னு நீங்கதானே சொன்னீங்க? அவருக்கு மேல இந்த மேனேஜரா?"

(நான் அண்ணி கட்சி. கதாநாயகன் நல்லவனாகத் தெரிய ஆசைப்படுகிறானோ என்றும் ஓரத்தில் எழுதி வைத்தேன்.)

"இன்னும் முப்பத்தொரு லிஃப்ட் பாக்கி," என்றான் அண்ணன். "நான் ஒருத்தன் பார்த்து முடிக்கிறதுக்குள்ள ஏதாவது ஆயிடும். நாளைக்கே நாலு ஆள் வேணும்."

"வேலை போயிடும்."

"போகலாம்." தட்டைப் பார்த்தபடியே சொன்னான். "அவர் மன்னிச்சதாலதான் போய் நிக்க முடியுது. இல்லேன்னா இன்னும் மூணு பேனா வச்சிருப்பேன்."

அண்ணி கரண்டியை மறுபடி எடுத்தாள். அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

5

வகுப்பு இன்று மாலை, மேனேஜர் நாளைக் காலை. முடிவை நானேதான் எழுத வேண்டும். மூன்று எழுதினேன்.

(அ) அண்ணன் அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருகிறான். நாலு பேர் லிஃப்டுகளைப் பார்க்கப் போகிறார்கள்.

(ஆ) நாலு பேர் போகிறார்கள். ஐந்தாவதாக அண்ணனும்.

(இ) மேனேஜர் அறைக் கதவுவரை போய்த் திரும்பிவிடுகிறான்.

அவனிடமே படிக்கக் கொடுத்தேன். மூன்றாவதில் வெகுநேரம் நின்றான். பொய்யில்லை, விடிந்ததிலிருந்து அதுதான் மனதில் ஓடுகிறது என்றான். பிறகு பையிலிருந்து பேனாவை எடுத்து அதன் குறுக்கே ஒரு கோடு இழுத்தான். பழக்கதோஷம், ஓரத்தில் கையெழுத்தும் போட்டான்.

மீதி இரண்டில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது இனி என் கையிலும் இல்லை, உங்கள் கையிலும் இல்லை. அதன்மேல் நீல மையில் ஒரே ஒரு கையெழுத்து இருக்கிறது. கீழே இன்றைய தேதி.