லாயீசுக்கு வந்த விருந்தாளிகள்

தெற்கிலிருந்து வந்த அந்த ஐந்து பேரையும் முதலில் பார்த்தவள் அரிசாத். யோர்தான் ஆறு ஊற்றெடுக்கும் எங்கள் லாயீசுக்கு வெளியாட்கள் வருவதே அபூர்வம். ஊருக்குக் காவல்கூடக் கிடையாது. அவளும் தம்பி மத்தானும் அவர்களை வீட்டுக்குக் கூட்டிப்போய் ஆட்டுக்கறியும் வாற்கோதுமை அடையும் வைத்தார்கள்.

ஐவரில் யெரியேல் என்பவன்தான் வாயாடி.

"கடலோரமா நிலம் தரேன்னு சாமி எங்க தாண் குலத்துக்கு வாக்குக் குடுத்துச்சுக்கா. அங்க இருக்கறவன் விட்டாத்தானே! எங்கள மலைமேல விரட்டிட்டான்."

அரிசாத்துக்கு மனசு இளகிவிட்டது. "சாப்பிடுப்பா முதல்ல," என்றாள்.

"உங்களுக்கு ஏதாவது ஆபத்துன்னா யார் வருவா?" என்று கேட்டான் அவன்.

மத்தான் சிரித்தான். "சீதோன்காரங்க சொந்தம்தான், ஆனா மலைக்கு அந்தாண்ட கிடக்காங்க. எங்களோட யாருக்குய்யா பகை?"

மறுநாள் அவனே அவர்களுக்கு ஊரையும் வயல்களையும் சுற்றிக் காட்டினான். புறப்படும்போது யெரியேல், "உங்க உப்பைத் தின்னுருக்கேன்க்கா, மறக்க மாட்டேன்," என்றான்.

அறுப்புக்கு முன்பே வந்துவிட்டார்கள். இந்த முறை அறுநூறு பேர், ஆயுதங்களோடு. அரிசாத் மலையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். புகையைப் பார்த்து ஓடி வந்தபோது மத்தான் வாசலில் செத்துக் கிடந்தான். யெரியேல் வாளோடு அவள் வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தான்.

"கடலோரம்னு சொன்னியேடா!"

"சாமி இதை எங்க கையில குடுத்துடுச்சு."

"உன் சாமி குடுக்கலடா. என் தம்பி குடுத்தான். தெருத்தெருவா நடந்து காட்டினானே!"

அவன் தலை குனிந்தான். "மேற்கால ஓடிப் போயிடுக்கா. நான் பாக்கலைன்னு சொல்லிக்கறேன்."

அவள் ஓடவில்லை. தம்பியை நிழலுக்கு இழுத்துப்போய், முக்காட்டுத் துணியை அவிழ்த்து அவன் முகத்தை மூடினாள். யாரும் தடுக்கவில்லை. பிறகுதான் நடந்தாள்.

சீதோனில் பெரியவர்கள் கேட்டார்கள்: "முன்னாடியே ஆள் அனுப்பியிருக்கக் கூடாதாம்மா?"

"என்னன்னு சொல்லி அனுப்ப? வந்தவங்க நல்லாச் சாப்பிட்டாங்கன்னா?" என்றாள்.

தப்பி வந்த எங்களில் சிலரோடு அவளும் துறைமுகத்தில் மீன் கழுவப் போனாள். லாயீசைத் திரும்பக் கட்டித் தாண் என்று பேர் வைத்துவிட்டார்கள் என்ற சேதி பின்னால் வந்தது. அவள் கையிலிருந்த மீனைக் கழுவிக் கூடையில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள்.