நாற்பது சதவீதத்தின் கனம்

வேலை முடிந்து நான் வீட்டுக்குள் நுழைந்தபோது தங்கை மேசை முன்னால் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டில் காலை வேளையில் யாரும் சந்தோஷமாக இருப்பதில்லை.

"என்னடி, பல்லெல்லாம் தெரியுது?"

"கணக்குப் போட்டு முடிச்சிட்டேன்க்கா. ஃபைனல்ல அறுபது எடுத்தா பாஸ்."

புள்ளியியல். போன வருடம் அவள் தோற்ற ஒரே பாடம். இந்த முறையும் மொத்தத்தில் அறுபது வராவிட்டால் கல்லூரியிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். மூன்றாவது வாய்ப்பு கிடையாது. அதன்பின் அவள் போகக்கூடிய இடம், அம்மாவும் நானும் போகிற அதே இடம்தான். ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கிற சலவைக்கூடம். அம்மாவுக்குப் பகல், எனக்கு இரவு. அம்மா எழுந்த கட்டிலில் நான் படுப்பேன்.

காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். வாராந்தரத் தேர்வுகளில் தொண்ணூறு, செய்முறையில் எழுபது, இடைத்தேர்வில் இருபது. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்திருந்தாள். சராசரி அறுபது. இறுதித் தேர்விலும் அறுபது எடுத்தால் அறுபதிலேயே நிற்கும் என்று கீழே இரண்டு கோடு வேறு போட்டிருந்தாள்.

"எதுக்கு எத்தனை சதவீதம்னு பாத்தியா?"

"எல்லாம் மார்க்தானே?"

"தலையணை உறை மூட்டையும் கம்பளி மூட்டையும் ஒரே கனமா? எடையிட்ட சராசரின்னு உன் சிலபஸ்லயே இருக்கு. அதுல ஃபெயில் ஆனவகிட்ட போய்ச் சொல்றேன் பாரு."

கல்லூரி கொடுத்த தாளை அவள் முன் விரித்தேன். வாராந்தரம் பத்து சதவீதம். செய்முறை இருபது. இடைத்தேர்வு முப்பது. இறுதி நாற்பது. வாராவாரம் விழுந்து விழுந்து படித்து அவள் தொண்ணூறு எடுத்ததெல்லாம் அந்தப் பத்துக்குள் அடக்கம்.

"உன் தொண்ணூறு ஒன்பதாத்தான் கைக்கு வருது. எழுபதுக்குப் பதினாலு. இருபதுக்கு வெறும் ஆறு. மொத்தம் இருபத்தொன்பது. அறுபதுக்கு இன்னும் முப்பத்தொண்ணு வேணும். ஃபைனலுக்கு இருக்கிறதே நாற்பதுதான்."

அவள் உதடுகள் அசைந்தன. தானே வகுத்துப் பார்த்தாள்.

"எழுபத்தெட்டாக்கா?"

"எழுபத்தேழரை. அரை மார்க்குக்கெல்லாம் யாரு இரக்கப்படப் போறா? எழுபத்தெட்டுன்னே வெச்சுக்கோ."

புள்ளியியலில் அவள் எழுதிய பெரிய தேர்வு எதிலும் ஐம்பதைத் தாண்டியதில்லை.

அம்மா தலையில் துணியைக் கட்டிக்கொண்டே உள்ளிருந்து வந்தாள். கம்பெனி வேன் வருகிற நேரம்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் குடுத்து விலகிட்டா தோத்த கணக்குல வராதாமே? அடுத்த வருஷம் திரும்பச் சேந்துக்கலாம். அதுவரைக்கும் மடிக்கிற மெஷின்ல ஒரு இடம் இருக்குன்னு கஞ்சி சொல்லிட்டே இருக்காரு."

கஞ்சி எங்கள் சூப்பர்வைசர். துவைத்துக் காயப்போட்டாலும் அந்த விறைப்பு போகாது என்று நாங்கள் வைத்த பெயர்.

ஒரு வருடம் என்றுதான் என்னையும் அங்கே கொண்டுபோய் விட்டார்கள். இது ஆறாவது வருடம். தங்கைக்கும் அது தெரியும்.

"சொல்லேன்டி, எத்தனை எடுக்கணும்?" என்றாள் அம்மா.

தங்கை என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"அறுபதும்மா."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நிஜமா?"

"பரீட்சை எழுதப்போறது அவ. அவளையே கேளு" என்றேன்.

அம்மாவின் முகம் தெளிந்தது. "எழுபது, எண்பதுன்னு ஏதாவது சொல்லிடுவியோன்னு பயந்துட்டே இருந்தேன். அப்படின்னா பேசாம விலகிடுன்னு சொல்லியிருப்பேன். அறுபதுன்னா படி, யாரு வேண்டாங்கறா? ஆனா சனியும் ஞாயிறும் வேலைக்கு வந்துடு. இடமும் கைவிட்டுப் போகாது, கஞ்சி வாயையும் அடைச்ச மாதிரி இருக்கும்."

"அம்மா, சனி ஞாயிறுதான் நான் முழுசா உக்காந்து..."

"அறுபது மார்க்குக்கு ஏழு நாளுமா படிப்பாங்க?"

தவளை தன் வாயால் கெட்டது. வெளியே வேன் ஹாரன் அடித்தது. அம்மா போய்விட்டாள்.

தங்கை என் பக்கம் திரும்பினாள்.

"சாயந்திரம் உண்மையைச் சொல்லிடவா?"

"சொல்லு. அம்மா வெள்ளிக்கிழமை எழுதிக் குடுக்கச் சொல்லும்."

"சொல்லாட்டி?"

"சனிக்கிழமை வந்து போர்வை மடிக்கணும்."

"மத்தளம் மாதிரி ரெண்டு பக்கமும் இடியா!"

அவள் காகிதத்தைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் புதிதாக எழுத ஆரம்பித்தாள். புள்ளியியல் புத்தகத்தில் ஐந்து பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் இருபது மார்க். கல்லூரி விட்டு வந்தபின் கிடைக்கும் மாலைகளை எண்ணிப் பங்கு போட்டாள். நாலு பாடத்துக்கு மேல் எப்படி நெருக்கினாலும் அடங்கவில்லை. மறுபடி போட்டாள். மறுபடியும் நாலுதான்.

"கடைசிப் பாடத்தை விட்டுடறேன்" என்றாள். "எனக்கு அது எப்பவும் புரிஞ்சதே இல்ல."

"விட்டா எத்தனைக்கு எழுதுவ?"

"எண்பதுக்கு."

"அதுல எழுபத்தெட்டு வேணும்."

தெரியும் என்பதுபோல் தலையாட்டினாள். பேனாவை மூடி வைத்தாள்.

"ரெண்டு மார்க் கையில இருக்கேக்கா."

சிரிப்புக்காகச் சொன்னாளா என்று தெரியவில்லை. நான் சிரிக்கவில்லை. கை கழுவிவிட்டுப் படுக்கப் போனேன். கண்ணை மூடியபோது வாசற்படியில் வந்து நின்றாள்.

"சனிக்கிழமை செருப்பு போட்டுட்டு வரலாமா?"

"ஷூ போட்டுக்கோ. தரை ஈரமாவே இருக்கும்."