அப்பா அழுத விதம்

நடிகர் ராய்ஸ் டால்மன் செத்துப் பதினோரு வருடம் கழித்து, கணினியில் அவர் முகத்தை உருவாக்கி ஒரு புதுப் படத்தில் நடிக்க வைத்திருந்தார்கள். குடும்பத்தின் சம்மதம் வேண்டும் என்பதால் மகள் மார்னியை பர்பாங்க் ஸ்டுடியோவுக்கு வரவழைத்தார்கள்.

திரையில் அப்பா, படத்தில் வரும் மகளின் கல்யாணத்தில் நின்று அழுதார்.

"அழுகைதான் எங்களுக்குச் சந்தேகம்," என்றான் கணினி வேலை பார்த்த டெரெக். "பழைய படங்கள்ல அழுததைப் பார்த்துச் செஞ்சோம். வீட்டுல எப்படி அழுவாருன்னு நீங்கதான் சொல்லணும்."

மார்னிக்கு நாலு வயதிருக்கும்போதே அவர் வீட்டை விட்டுப் போய்விட்டார். அவர் அழுததை அவளும் படங்களில்தான் பார்த்திருக்கிறாள். அவள் கல்யாணத்துக்குப் பூங்கொத்து மட்டும்தான் வந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது.

"இன்னொரு தடவை போடுங்க."

போட்டார்கள். அவளுக்குக் கோபமும் வரவில்லை, துக்கமும் வரவில்லை.

"இப்படித்தான் அழுவாரு," என்றாள்.

"அப்பாடா! மூணு மாசமா இந்தக் கண்ணீரோடதான் மல்லுக்கட்டிட்டு இருந்தோம்," என்று டெரெக் சிரித்தான்.

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். காரை எங்கே நிறுத்தினோம் என்பது நினைவுக்கு வரவில்லை. வெயிலில் வரிசை வரிசையாகத் தேடிக்கொண்டு நடந்தாள்.