மஞ்சள் கல்லின் மேல் ஓர் இதயம்

சியோல் நகரத்தில் பாதிப் பேருடைய கழுத்து வலியும் இடுப்பு வலியும் ஹேரானின் விரல்களுக்குத் தெரியும். இருபது வருடமாக உடம்பு பிடித்துவிடுகிற தொழில். உரிமம் இருக்கிறது, வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள், வங்கியில் சேமிப்பு இருக்கிறது. இருந்து என்ன? பிறவியிலேயே கண் தெரியாதவள் என்பதால், நாற்பத்தொரு வயதில் ஓர் அறையை வாடகைக்கு எடுக்க அண்ணன் கையெழுத்து வேண்டுமாம். வீட்டுக்கார அம்மாள் கூசாமல் சொல்லிவிட்டாள்.

அண்ணன் பெயர் தேசிக். அவன் கையெழுத்துப் போடுவதற்குப் பதில் பந்தயம் வைத்தான்.

"மெட்ரோ ரெண்டாம் வாசல்லேர்ந்து அரண்மனை மதிலை ஒட்டியே நடந்து சர்ச் முக்குக்கு வா. தனியா. நான் அங்க நிக்கறேன். வந்துட்டீன்னா கையெழுத்து."

"இவ்வளவுதானா? வருஷா வருஷம் இலை கொட்டற காலத்துல நான் நடக்கற ரோடுதானே அது? என்னமோ மலையேறச் சொல்ற மாதிரி சொல்ற."

"எப்பவும் கூட யாராவது வருவாங்க. இப்ப தனியா வந்து காட்டு."

பல்லைக் கடித்துக்கொண்டாள். கையெழுத்து அவனிடம் இருக்கிறதே, என்ன செய்வது!

நவம்பர் பாதி தாண்டிய சனிக்கிழமை மத்தியானம். காற்று காது மடலைக் கிள்ளியது. அரண்மனை வாசலில் காவலாளிகள் மாறும் நேரம்; பெரிய முரசின் அடி அவள் நெஞ்சுக்கூட்டில் வந்து விழுந்தது. எதிர்ப்புறம் யாரோ சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுட்டுக்கொண்டிருந்தார்கள். கால்மாட்டில், சாலையோரக் கிங்கோ மரங்கள் உதிர்த்த பழம் நசுங்கி நாறியது. ஊரே மூக்கைப் பொத்திக்கொள்ளும் அந்த நாற்றம் ஹேரானுக்குப் பிடிக்கும். இலையுதிர்காலம் முடியப் போகிறது என்று அவளுக்குச் சொல்வது அதுதான். வேடிக்கை பார்க்கக் கண் எதற்கு என்று நினைத்துக்கொண்டே நடந்தாள்.

கோலின் நுனி நடைபாதைக் கற்களின் மேல் ஓடியது. கண் தெரியாதவர்களுக்கென்று பதித்த மஞ்சள் கற்கள்; கோடு புடைத்திருந்தால் நேராக நட, புள்ளி புடைத்திருந்தால் நில். இவ்வளவுதான் கணக்கு. சியோலில் எந்த மூலைக்கும் அவளை அந்தக் கற்கள் கொண்டுபோய் விட்டிருக்கின்றன.

மதில் வளைகிற இடத்தில் கல் காணாமல் போனது.

கோலை இடப்பக்கம் வீசினாள், வலப்பக்கம் வீசினாள். சரசரவென்று இலைதான். கணுக்கால் ஆழத்துக்கு இலை. ரசிக்க வருகிறவர்களுக்காக மாத முடிவு வரை இந்தச் சாலையில் இலை பெருக்குவதில்லை என்று அவளுக்கும் தெரியும். அதற்காக இப்படியா? காலால் துழாவிக் கொஞ்சம் விலக்கியதும் உள்ளங்காலில் கோடு தட்டுப்பட்டது. அப்பாடா என்று இரண்டு அடி வைத்தாள்.

"ஐயையோ! அம்மா, மிதிக்காதீங்க! இதயத்தை மிதிக்கிறீங்க!"

"எதை?"

"இதயத்தைங்க. இலையைக் கூட்டி அழகா இதயம் மாதிரி வச்சிருக்கோம். எல்லாரும் அதுல நின்னு போட்டோ எடுக்கறாங்க. நான் தொண்டர், இங்க கியூவைப் பாத்துக்கறேன். கொஞ்சம் சுத்திப் போயிடுங்களேன்."

"எதைச் சுத்திங்க? என் வழி உங்க இதயத்துக்கு அடியிலதான் கிடக்குது."

"பத்தே அடிதாம்மா. இடது பக்கமா..."

"இடது பக்கம் கார் போகுது. காதுல விழலையா?"

வரிசையில் நின்ற ஒரு பெண் அலுத்துக்கொண்டாள். "நாப்பது நிமிஷமா நிக்கறோம். இந்த அக்கா ஏங்க எல்லாத்தையும் கலைக்கறாங்க?"

ஹேரானுக்கு ரத்தம் தலைக்கேறியது. நாற்பது நிமிடமாம்! குப்பையைக் கூட்டி அவள் வழியின் மேல் கொட்டிவிட்டு, அதற்குப் பெயர் இதயமாம்! கோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு காலால் இலையை வாரி வாரி எறிந்தாள். ஒரு கோடு, இன்னொரு கோடு. இதயத்தை நடுவில் பிளந்துகொண்டு மஞ்சள் கற்கள் வெளியே வந்தன.

அப்போது யாரும் கூப்பிடாமல் ஒரு குரல் குறுக்கே வந்து விழுந்தது.

"மன்னிச்சிடுங்க, மன்னிச்சிடுங்க. கண்ணு தெரியாதவங்க, தெரியாம பண்ணிட்டாங்க. நான் கூட்டிட்டுப் போயிடறேன்."

தேசிக். சர்ச் முக்கில் நிற்க வேண்டியவன். எல்லோரையும் பார்த்துக் குனிந்து குனிந்து கும்பிட்டுக்கொண்டிருப்பான் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

"மெட்ரோலேர்ந்து பின்னாடியே வர்றியா?"

"பயமா இருந்துச்சும்மா."

"உனக்குத்தானே பயம்? எனக்கு என்ன?" என்றாள். "தெரியாம பண்ணலைங்க," என்று கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "தெரிஞ்சேதான் பண்ணினேன். அண்ணா, யாரைக் கேட்டு எனக்காக மன்னிப்புக் கேட்ட? நான் வழி தப்பினேனா? வழியை இவங்க மூடினாங்களா?"

அவன் கை அவள் முழங்கையைப் பிடித்தது. உதறிவிட்டாள்.

"சொன்ன இடத்துல போய் நில்லு."

அவன் காலடிச் சத்தம் தூரமாகப் போய்த் தேயும்வரை காத்திருந்தாள். பிறகு நடந்தாள். இதயத்துக்கு அப்பால் கல் தெளிவாக இருந்தது. இன்னும் முந்நூறு அடி போனால் சர்ச் முக்கு, கையெழுத்து, சாவி, அவளுக்கே அவளுக்கான ஓர் அறை.

முதுகுக்குப் பின்னால் வாருகோல் சத்தம் கேட்டது. வரட்... வரட்... இலையை மறுபடி இழுத்துக் கல்லின் மேல் போடுகிறார்கள். யாரோ, "இப்பதான் அழகா இருக்கு," என்றார்கள்.

ஹேரான் நின்றாள். போய்விடலாம். இனிமேல் அது அவளுக்குத் தடையில்லை. ஆனால் நாளைக்கு இன்னொருவன் கோலோடு இந்த வளைவுக்கு வருவானே! திரும்பினாள். வந்த கற்களையே எண்ணிப் போய், இதயத்தின் நட்ட நடுவில், கோட்டின் மேல் இரண்டு காலையும் ஊன்றி நின்றுகொண்டு அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"நான் அங்க வரலை. திரும்ப மூடிட்டாங்க. கல்லு மேல நிக்கறேன், நகரப் போறதில்ல. தோத்துட்டேன்னு வச்சுக்கோ."

"அம்மா, போட்டோ..." என்று தொண்டர் கெஞ்சினாள்.

"எடுங்க. என்னையும் சேத்து எடுங்க."

கொஞ்ச நேரத்தில் மூச்சிரைக்க ஓடிவரும் சத்தம். வந்தவன் இந்த முறை யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. இலை சரசரத்தது; அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"கையெழுத்து வீட்டுக்குப் போய்ப் போடறேன்," என்றான். "மொதல்ல நான் எந்தக் கல்லு மேல நிக்கணும், சொல்லு."